டோரீனின் கேட்டுக்கு வெளியே நின்ற குளிர்காலம்

மெர்ஃபீல்டு ஊரில் டோரீன் கஷுபாவின் தோட்டத்துக்குள் உறைபனி அனுமதி கேட்காமல் நுழைவதில்லை. கேட்டுக்கு வெளியே வந்து நிற்கும். அவள் சரி என்றால் உள்ளே வரும், வேண்டாம் என்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். இதைப் பற்றி இப்போது ஊரில் யாரும் பேசுவதுகூட இல்லை. ஆனால் இது தொடங்கிய வருடம் அப்படி இல்லை; அந்த வருடம் ஊரே அவளோடு மல்லுக்கு நின்றது.

கனடாவில், சஸ்காச்சுவான் மாகாணத்தின் வடபக்கம், ஆறு வளைந்து திரும்புகிற பள்ளத்தில் இருக்கிறது மெர்ஃபீல்டு. குளிருக்கும் தண்ணீருக்கும் ஒரே புத்தி, இரண்டும் பள்ளத்தைத்தான் தேடி வரும். மேட்டு ஊர்க்காரர்கள் செப்டம்பரில் வெள்ளரிக்காய் பறித்துக்கொண்டிருக்கும்போது இங்கே எல்லாம் கருகி முடிந்திருக்கும். ஜூன் பிறக்கும்வரை உறைபனி போகாது, ஆகஸ்டு முடிவதற்குள் திரும்பி வந்துவிடும். இடையில் கிடைப்பதற்குத்தான் கோடை என்று பெயர், அதிலும் பாதியைக் கொசு தின்றுவிடும். அதனால் அந்த ஊர் தோன்றிய நாளிலிருந்து ஒரு தக்காளிகூடச் செடியில் பழுத்தது கிடையாது. ஆகஸ்டு கடைசியில் எல்லோரும் பச்சைக்காயாகவே பறித்து, ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறையில் அட்டைப்பெட்டிகளில் அடுக்கிவைப்பார்கள். அறுவடைத் திருநாள் விருந்துக்குள் அவை எப்படியோ சிவந்துவிடும். சிவக்குமே தவிர, ருசி என்னவோ செய்தித்தாளின் ருசிதான். தோலில் எழுத்துகள் இடவலம் மாறிப் பதிந்திருக்கும். ஒரு வருடம் ஹாக்கிப் போட்டியின் முடிவையே பலர் தக்காளி நறுக்கும்போதுதான் தெரிந்துகொண்டார்கள். யாரும் குறை சொன்னதில்லை, ஏனென்றால் வேறு ருசி ஒன்று உண்டு என்று யாருக்கும் தெரியாது.

டோரீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவள். ஐம்பதைத் தாண்டிய வயது, பெரிய கைகள், பஸ்ஸின் கடைசி இருக்கை வரை எட்டுகிற குரல். புருஷன் எமில், டிராக்டருக்கு டயர் வாங்கி வருகிறேன் என்று ஒரு வசந்தகாலத்தில் கிளம்பி வான்கூவர் வரைக்கும் போய்விட்டான். ஆளும் வரவில்லை, டயரும் வரவில்லை. அவன் போனாலும் அவன் தங்கை ஃபில்லிஸ் போகவில்லை. அவள் அடுத்த வீட்டிலேயே இருந்தாள், அவளுடைய வாயும் அவளோடு இருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மரவேலி. நாத்தனாரிடமிருந்து வேலி எதைத் தடுத்துவிட முடியும்?

வருடக் கடைசி நாளில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஊரே கர்லிங் கொட்டகையில் கூடும். பனிக்கட்டித் தரையில் கருங்கல்லை வழுக்கிவிட்டு விளையாடுகிற இடம் அது. குளிர்காலத்தில் அந்த ஊருக்குக் கோவிலும் அதுதான், சந்தையும் அதுதான். அன்று ஒவ்வொருவராக எழுந்து, போன வருடம் தான் எடுத்த சபதம் என்ன ஆனது, வரும் வருடத்துக்கு என்ன சபதம் என்று சொல்ல வேண்டும். சபதத்தில் தோற்றவர் கூட்டம் முடிந்ததும் காப்பிக் கோப்பைகளைக் கழுவ வேண்டும். இதற்கென்று ஒரு மஞ்சள் ஏப்ரன் ஆணியில் தொங்கும். டோரீன் வருடாவருடம் அதைக் கட்டிக்கொண்டவள். அக்கார்டியன் வாசிக்கப் போகிறேன் என்றாள், உடம்பைக் குறைக்கப் போகிறேன் என்றாள், ஆற்றில் நீந்தக் கற்றுக்கொள்கிறேன் என்றாள். எதுவும் ஆகவில்லை. மற்றவர்களும் தோற்றார்கள்தான், ஆனால் டோரீன் இருக்கும்போது நாம் ஏன் கை நனைக்க வேண்டும் என்று இருந்துவிட்டார்கள்.

இந்தக் கதை தொடங்கும் வருடம் அவள் தன் அக்கா மகன் கல்யாணத்துக்கு மேற்கே போயிருந்தாள். வழியில் சாலையோரக் கடை ஒன்றில், கொடியிலிருந்து அப்போதுதான் பறித்த தக்காளியை ஒருவன் நறுக்கி, வெண்ணெய் தடவிய ரொட்டியில் வைத்து, உப்பு தூவிக் கொடுத்தான். டோரீன் ஒரு வாய் கடித்தாள். கடித்தவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்த அழுகை என்று கடைக்காரன் நினைத்தான், உண்மையில் அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். இத்தனை வருடமாக நான் தின்றது என்ன? யார் என்னை இப்படி ஏமாற்றியது?

அந்த வருடக் கடைசி நாளில் அவள் தன் முறை வந்து எழுந்தபோது, வாய் திறப்பதற்கு முன்பே ஆர்வில் லின்ட்கிரென் ஏப்ரனை எடுத்து அவள் தோளில் போட்டுவிட்டான். ஆர்வில்தான் கொட்டகையில் ஐஸ் போடுபவன், ஊர் மன்றத்துக்குத் தலைவனும் அவன்தான். நல்ல மனிதன், ஆனால் தன் நகைச்சுவையில் தனக்கே மயக்கம் உள்ளவன். கூட்டம் சிரித்தது. டோரீன் ஏப்ரனைத் தோளிலிருந்து எடுத்து மடித்து மேஜைமேல் வைத்தாள்.

"அடுத்த வருசம் இதே நாளு, என் தோட்டத்துல, செடியிலயே பழுத்த தக்காளிய உங்க எல்லாருக்கும் ரொட்டியில வச்சுக் குடுப்பேன்."

சிரிப்பில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. ஆர்வில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "டோரீன், நீ அக்கார்டியனே வாசிச்சிருக்கலாம்மா. அது மட்டும் நடந்துச்சுன்னா சாகுற வரைக்கும் இந்தக் கப்ப நான் கழுவுறேன்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றாள் டோரீன். பிறகு போய், அந்த வருடத்துக் கோப்பைகளைக் கழுவினாள். தோற்றது தோற்றதுதானே.

ஜனவரியில் விதை வாங்கினாள், தயிர் டப்பாக்களில் மண் போட்டு ஜன்னலோரம் நாற்று விட்டாள். இதெல்லாம் எல்லோரும் செய்வதுதான். அதன் பிறகு அவள் செய்ததுதான் தவறு. மே மூன்றாம் வாரத்து மூன்று நாள் விடுமுறை கழியும் முன் தோட்டத்தில் எதையும் நடுபவன் பைத்தியக்காரன், இல்லாவிட்டால் வெளியூர்க்காரன் என்பது அந்தப் பக்கத்து விதி. மெர்ஃபீல்டில் அதற்கு மேலும் பொறுப்பார்கள். டோரீனோ மே பிறந்ததும் அடித்த நாலு நாள் வெயிலை நம்பி எல்லா நாற்றையும் நட்டுவிட்டாள். ஃபில்லிஸ் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தாள். "எங்கண்ணன் ஏன் ஓடிப்போனான்னு இப்பதான் புரியுது" என்றாள்.

மறுவாரம் ஒரு விடியற்காலை உறைபனி வந்தது. ஆற்றுப் பக்கமிருந்து புல்லை வெளுத்துக்கொண்டே மெதுவாக ஏறியது. ஊர் முழுக்க எழுந்து, புளிப்புத் தண்டுக்காக வளர்க்கும் ருபார்புச் செடிகள்மேல் பழைய படுக்கை விரிப்புகளைப் போர்த்திக்கொண்டிருந்தது. டோரீன் அடுப்பில் ஓட்ஸ் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தவள் ஜன்னல் வழியே பார்த்தாள். கரண்டியும் கையுமாக, ராத்திரி உடுப்பின் கீழே ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"விரிப்பு எடுத்துட்டு வாடி, பைத்தியமே!" என்று ஃபில்லிஸ் கத்தினாள்.

டோரீன் விரிப்பு எடுக்கவில்லை. நேரே கேட்டுக்குப் போய் அதைச் சாத்திவிட்டு, கரண்டியை நீட்டி உறைபனியிடம் பேசினாள். பஸ்ஸில் பையன்களை உட்காரச் சொல்லும் அதே குரல். "நில்லு. அங்கயே நில்லு. உனக்கு இந்த நாடு முழுக்க இடம் கிடக்கு, வட துருவம் வரைக்கும் உன் ராஜ்யம்தான். என் கொல்லைதான் கேக்குதா உனக்கு? என் தக்காளி பழுக்குற வரைக்கும் இதுக்குள்ள கால வச்சே, நடக்குறதே வேற."

உறைபனி நின்றது. வேலிப் பலகைகளின் வெளிப்பக்கம் வெள்ளையாகவும் உட்பக்கம் ஈரமில்லாமலும் இருந்ததை ஃபில்லிஸ் தன் கண்ணால் பார்த்தாள். தன்னுடைய ருபார்பு விரிப்புக்குள்ளேயே கருகிப்போனதையும் பார்த்தாள். டோரீன் உள்ளே போய்க் கஞ்சியைக் கிண்டினாள், கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது.

கோடை கோடையாகவே போயிற்று. டோரீன் தோட்டத்தில் பீட்ரூட், முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு, சோயிக்கீரை எல்லாம் செழித்தன. அவற்றைப் போட்டு வாரம் முழுக்க ஒரே பானையில் போர்ஷ் சூப் கொதிக்கவைத்தாள். தக்காளிச் செடிகள் வேலியைத் தாண்டி எட்டிப் பார்த்தன, காய்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கின. ஆகஸ்டுக் கடைசியில் உறைபனி திரும்பி வந்தது. ஊர் பச்சைக்காய்களைப் பறித்துச் செய்தித்தாளில் சுற்றியது. டோரீன் பறிக்கவில்லை. உறைபனி அவள் கேட்டுக்கு வந்து, ஒரு முறை சொன்னது ஞாபகமிருக்கிறது என்பதுபோல, வெளியே நின்றுகொண்டது. அக்டோபரில் பனி பெய்தது. ஊர் முழுக்க முழங்காலளவு பெய்தது, அவள் தோட்டத்தின்மேல் மட்டும் பெய்யவில்லை. நவம்பரில் தெற்கே போக வேண்டிய குருவிகள் போகாமல் அங்கே தங்கிவிட்டன. ஊர்ப் பூனைகள் எல்லாம் முட்டைக்கோசுப் பாத்திகளுக்கு நடுவில் படுத்துக்கிடந்தன. டோரீனுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று காப்பிக்கடையில் பேசிய கிழவர்கள், பேசி முடித்ததும் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு அவள் தோட்டத்தில் உட்கார்ந்து சீட்டாடினார்கள்.

தொல்லை வேலிக்கு வெளியே இருந்தது. உள்ளே போக முடியாத குளிர் எங்கே போகும்? அது வேலியைச் சுற்றிக் குவிந்தது, மாதாமாதம் கனத்தது. ஃபில்லிஸ் வீட்டுக் குழாய்கள் உறைந்து வெடித்தன. அவள் சமையலறை ஜன்னலில் உட்பக்கமாகவே விரல் தடிமனுக்கு ஐஸ் கட்டியது, காப்பியை ஊற்றினால் குடிப்பதற்குள் கோப்பையில் பாளம் மிதந்தது. தெருவில் மற்றவர்கள் வண்டிகளும் கிளம்ப மறுத்தன. டிசம்பர் முதல் வாரம் மன்றம் கூடியது. குளிர்காலம் ஊருக்குப் பொது, அதைத் தடுத்துவைக்க ஒருத்திக்கு உரிமையில்லை என்று தீர்மானம் போட்டுவிட்டு, ஆர்வில் அதைச் சொல்வதற்கு நேரில் வந்தான். தாடியில் பனிக்கட்டியோடு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தொறந்து விட்டுரும்மா. ஊரு கஷ்டப்படுது. ஒரு தக்காளிக்காகவா இவ்வளவும்?"

"நீ ஏப்ரனத் தூக்கி என் தோள்ல போட்டியே, அப்ப ஒரு கப்புக்காகவான்னு நான் கேட்டனா?"

"அது சும்மா விளையாட்டுக்கு."

"எனக்கு விளையாட்டு இல்ல ஆர்வில். என் வாழ்க்கையில நான் தொட்டது எதுவுமே முடிஞ்சதில்ல. கல்யாணமே பாதியில நிக்குது. இது ஒண்ணு முடியட்டும், அப்புறம் உன் குளிர்காலத்த நானே கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து சோபாவுல உக்கார வைக்கிறேன். அதுவரைக்கும் கேட்டுல கைய வைக்காத."

ஆர்வில் கையை எடுத்துக்கொண்டான். அவன் போன பிறகு டோரீன் செடிகளிடம் திரும்பினாள். அவளுக்குள் இருந்த பயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. காய்கள் பழுக்கவில்லை. கேட்டுக்கு வெளியே ஒரு குளிர்காலத்தையே நிறுத்திவைத்தும், கந்தைத் துணியால் கொம்பில் கட்டி, வெந்நீர் கலந்து ஊற்றி, பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே வந்து முகம் பார்த்தும், ஒரு காயின் தோலில்கூட மஞ்சள் ஏறவில்லை. கூழாங்கல் மாதிரி பச்சையாகவே தொங்கின. கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். வருடக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை ஏப்ரனைக் கட்டிக்கொண்டால் அப்புறம் எந்த வருடமும் வாய் திறக்கக் கூடாது என்று அவள் முடிவு செய்திருந்தாள். அப்படி வாய் மூடிக்கொண்டவர்கள் அந்த ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். கொட்டகையில் பின்வரிசையில் உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, அடுத்த ஆளக் கேளு" என்பார்கள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மதியம் ஃபில்லிஸ் ஒரு வாளியோடு வந்தாள். அவள் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இரண்டு கம்பளிக் கோட்டு, அதன்மேல் எமிலின் பழைய கோட்டு. டோரீன் வாளியை நிரப்பினாள், நாற்காலியை இழுத்துப் போட்டாள், ஒரு கிண்ணம் போர்ஷ் ஊற்றி, மேலே ஒரு கரண்டி புளித்த பாலாடை வைத்தாள். ஃபில்லிஸ் அதைக் குடித்து முடிக்கும்வரை ஒரு குறையும் சொல்லவில்லை. அவள் வாழ்நாளில் அவ்வளவு நேரம் குறை சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. பிறகு எழுந்து ஜன்னல் வழியாகச் செடிகளைப் பார்த்தாள்.

"இது பழுக்காது" என்றாள்.

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

"கேளுடி. எங்கம்மா எமில இப்படித்தான் வளர்த்தா. காத்துப் படக் கூடாது, மழை படக் கூடாது, பள்ளிக்கூடத்துல ஒருத்தன் ஒரு வார்த்த சொல்லக் கூடாது. பொத்திப் பொத்தி வளர்த்தா. என்ன ஆச்சு? அம்பது வயசுலயும் பச்சக்காய். நீ கட்டிக்கிட்டது அந்தப் பச்சக்காயத்தான்." அவள் கண்ணாடியில் விரலால் தட்டினாள். "விரிப்பு போத்த மாட்டேன்னு அன்னைக்கு வீராப்பு பேசுன. ஆனா நீ தோட்டத்துக்கே சேத்து விரிப்பு போத்திட்ட. பழுக்கணும்னு அதுக்கு என்னடி அவசரம்? அதுதான் சொகமா இருக்கே."

நாத்தனார் சொல்வது சரியாக இருப்பதைப் போல எரிச்சலான விஷயம் உலகத்தில் வேறில்லை. டோரீன் ஆணியில் தொங்கிய கரண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். செடிகளுக்கு ஒரு முழம் முன்னால் மண்ணில் கரண்டியால் குறுக்கே ஒரு கோடு கிழித்தாள். கேட்டை ஒரு சாண் அகலத்துக்குத் திறந்தாள்.

"வா" என்றாள் வெளியே நின்றதிடம். "அந்தக் கோடு வரைக்கும்தான். ஒரு அடி தாண்டுனே, அடுத்த வருசமும் உன்ன நிக்க வைப்பேன்."

மே மாதத்திலிருந்து காத்திருந்தது அது. முண்டியடித்துக்கொண்டு வரும் என்றுதான் அவளும் பயந்தாள். ஆனால் விருந்துக்கு வந்த வெளியாள்போல, கேட்டின் இடுக்கு வழியே ஒருக்களித்து நுழைந்து, தரையோடு தரையாக வந்தது. முட்டைக்கோசு வெளுத்தது, சோயிக்கீரை தலை சாய்ந்தது, பூனைகள் எழுந்து தத்தம் வீட்டுக்குப் போயின. குருவிகள் ஒரே கூட்டமாகத் தெற்கே கிளம்பின. அவ்வளவையும் டோரீன் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். பாத்தி பாத்தியாக அவள் வளர்த்த தோட்டம் அது. உறைபனி கோட்டுக்கு வந்து, அதன்மேல் விளிம்பு வைத்து நின்றது. தக்காளிச் செடிகள் நுனி முதல் வேர்வரை ஒரு தடவை நடுங்கின.

மறுநாள் காலையில் ஒரு காயின் தோல் வெளிறியிருந்தது. அதற்கு மறுநாள் மஞ்சள். அடியிலைகள் ஒவ்வொன்றாகக் கருகிச் சுருண்டன, மேலே காய்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. எது முந்தும் என்று சொல்ல முடியவில்லை. டோரீன் நாற்காலியைக் கோட்டுக்குப் பக்கத்தில் போட்டுக் கரண்டியோடு உட்கார்ந்துகொண்டாள், ஃபில்லிஸ் தன் நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டாள். குளிர் குவிந்து கிடந்த வேலியோரம் சற்று இளகியிருந்தது, ஃபில்லிஸ் வீட்டு ஜன்னலில் ஐஸ் உருகி ஒழுகியது. வருடக் கடைசி நாள் பகலில், செடிகளில் இலை என்று எதுவும் மிச்சமில்லை. கறுத்த தண்டுகளில் பழங்கள் மட்டும் தொங்கின. அவ்வளவு சிவப்பை மெர்ஃபீல்டு தீயணைப்பு வண்டியில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை.

கடையில் வாங்கிவந்தாள் என்று எந்த வாயும் சொல்லிவிடக் கூடாது என்பதால் அவள் பழங்களைப் பறிக்கவில்லை. செடிகளை வேரும் மண்ணுமாகத் தோண்டி, பிள்ளைகள் சறுக்கி விளையாடும் வண்டியில் ஏற்றி, பெரிய தெரு வழியாக இழுத்துக்கொண்டு போனாள். ஃபில்லிஸ் ரொட்டியும் வெண்ணெயும் உப்பும் கத்தியும் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். அவளுக்குப் பின்னால், கொஞ்சம் இடைவெளி விட்டு, குளிர்காலம் வந்தது.

கொட்டகையில் அவளுக்காக ஏப்ரன் நாற்காலியின் முதுகில் தயாராகப் போடப்பட்டிருந்தது. அவள் செடிகளை மேஜைமேல் கிடத்தினாள். மண் உதிர்ந்து மேஜைவிரிப்பில் கொட்டியது. முதல் பழத்தைப் பறித்தபோது எழுந்த வாசம், அந்தப் பச்சையும் காரமுமான காம்பு வாசம், பின்வரிசை வரை போயிற்று. அங்கே வாய் மூடி உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். டோரீன் நறுக்கி, ரொட்டியில் வைத்து, உப்பு தூவி, முதல் துண்டை ஆர்வில் லின்ட்கிரெனிடம் நீட்டினாள். அவன் கடித்தான். சாறு தாடியில் இறங்கியது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், நகைச்சுவையாகத்தான் இருந்திருக்கும், ஆனால் வரவில்லை. இரண்டாவது வாய் கடித்தான். பிறகு, "நம்ம எல்லாரும் இத்தன நாளா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"பேப்பரத் தின்னுக்கிட்டு இருந்தோம்" என்றாள் டோரீன். "ஆமா."

ஆர்வில் ரொட்டியை முடித்தான், கையைத் துடைத்தான், ஏப்ரனை எடுத்துத் தானே கட்டிக்கொண்டு கோப்பைகளைத் திரட்டினான். யாரும் சிரிக்கவில்லை, எல்லோர் வாயிலும் தக்காளி இருந்தது. பின்வரிசையில் ஒரு கிழவர், பல வருடமாக எதையும் சொல்லாதவர், எழுந்து நின்று தானாகவே பேசினார். தனக்கு அக்கார்டியன் கற்றுக்கொள்ள ஆசை என்றார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் அவர் உட்காரும்போது முகம் வேறாக இருந்தது.

டோரீனின் முறை கடைசியாக வந்தது. அவள் விரலில் ஒட்டிய உப்பை நக்கியபடி எழுந்தாள்.

"தர்பூசணி" என்றாள்.

"எந்த அளவுக்கு?" என்று கேட்டாள் ஃபில்லிஸ். டோரீன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். ஃபில்லிஸ் அந்தக் கைகளுக்கு நடுவில் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, தன் வீட்டுப் பக்கத்து வேலியையும் எடுத்துவிடலாம், கொடி ஓட இடம் வேண்டும் என்றாள். உள்ளே கோப்பை கழுவும் இடத்திலிருந்து, முழங்கை வரை நுரையோடு ஆர்வில் தலையை நீட்டினான்.

"அப்ப இவ தோட்டத்துக் கேட்ட யாராச்சும் போய் இப்பவே சாத்துங்கப்பா" என்றான். "இவ தொறந்து போட்டுட்டு வந்துட்டா."

வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தவர் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார். படிக்கட்டில் காத்துக்கொண்டிருந்த குளிர்காலம் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது.